பார்க்கர் பல்ஸும் சிர்ப்பும் பிரிந்துவிட்டன, ஃபிராங்க் இன்னும் இல்லை

சிக்னலும் இரைச்சலும் சம பலத்தில் இருக்கும் 0 டெசிபெல் எஸ்என்ஆரிலும் (சிக்னல்-இரைச்சல் விகிதம்), 13 துண்டுகளில் ஃபேஸ் புரளும் பார்க்கர் 13 பல்ஸ், அலைவரிசை சீராக மாறும் சிர்ப்போடு இனி குழம்பாது! ரேடார் பல்ஸ்களை இனம் காணும் என் பைத்தான் சோதனையில் பிஆர்ஐ (பல்ஸ்களுக்கு இடையிலான நேரம்), பல்ஸ் அகலம், அலைவரிசை மூன்றையும் இந்த முறை வேண்டுமென்றே விலக்கிவிட்டேன். அவற்றைத் தாவித் தாவி மாற்றும் ரேடாரிடம் அவை கைகொடுக்காது. பல்ஸுக்கு உள்ளே இருப்பதை வைத்துத்தான் ஆட்டம்.

காரியத்தைச் சாதித்தது ஒரே கணக்கு. சிக்னலை வர்க்கப்படுத்தி, ஸ்பெக்ட்ரத்தின் உச்சிக்கும் சராசரிக்கும் உள்ள விகிதத்தை எடுப்பது. பார்க்கரில் ஃபேஸ் 0, 180 டிகிரி என்று புரள்கிறது. வர்க்கப்படுத்தினால் 180 என்பது 360 ஆகிவிடும். புரளல் மறைந்து ஒற்றைக் கூர்முனை எழும். சிர்ப்போ இரு மடங்கு அகலமாகப் பரவும். சாதாரண பல்ஸ் முதலிலிருந்தே கூர்மை. 16 துண்டுகள் (சிப்) கொண்ட ஃபிராங்க் குறியீடு 90 டிகிரி ஃபேஸ் படிகளில் போவதால் நான்காம் அடுக்கில்தான் ஒடுங்கும். 1, 2, 4 ஆகிய அடுக்குகளின் மூன்று விகிதங்களே நான்கு வகையையும் பிரித்துவிடும் என்பது எனக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது.

நேரத்தைத் தின்றது, ஸ்பெக்ட்ரத்தைக் கணக்கிடும் எஃப்எஃப்டி. பல்ஸில் 260 மாதிரிகள்தான். கூர்முனை இரண்டு எஃப்எஃப்டி புள்ளிகளுக்கு நட்டநடுவே விழுந்தால் 3.9 டெசிபெல் போய்விடுகிறது. கேரியர் கொஞ்சம் நகர்ந்தாலே விகிதம் ஆடும், அதோடு, வகைகளைப் பிரிக்கும் அம்சமாக அதற்குக் கிடைக்கும் மதிப்பெண்ணும் ஆடும். பூஜ்ஜியங்கள் சேர்த்து 1024-க்கு நீட்டியதும் இழப்பு சுமார் 0.2 டெசிபெல்லுக்கு இறங்கிவிட்டது. இதைச் செய்யாமல் அம்சங்களைத் தரவரிசைப்படுத்துவது வீண்வேலை.

தரவரிசையை ஒவ்வொரு எஸ்என்ஆருக்கும் தனியாகப் போடுங்கள். நான்காம் அடுக்கு விகிதம் 10 டெசிபெல்லில் கம்பீரமாக நிற்கிறது. 0-வில் இரைச்சலும் நான்காம் அடுக்குக்கு ஏறிவிடுவதால் ஒன்றுமில்லாமல் போகிறது. எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்தால் இது கண்ணிலேயே படாது. அப்புறம், சிக்னலின் கரடுமுரடை அளக்கும் பெட்டிப் பரிமாணமும் தகவல் பரிமாணமும், ஒரு அம்சம் வகைகளை எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்று சொல்லும் ஃபிஷர் மதிப்பெண்ணில் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் சொல்வது ஒன்றையேதான். ஒன்றையே திரும்பச் சொல்லும் அம்சங்களைக் கழிக்கும் எம்ஆர்எம்ஆர் முறை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டது, சரியான முடிவு.

அடுத்து புளூட்டோ எஸ்டிஆரில் (மென்பொருளால் இயங்கும் சிறு ரேடியோ) அனுப்பி, கேபிள் வழியாகவே அதிலேயே வாங்கிப் பார்க்கும் திட்டம். சென்னை ரிச்சி தெருவில் எஸ்எம்ஏ கேபிளைத் தேடிப் பிடித்துவிடலாம். 50 ஓம், சிக்னலை 30 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டருக்குத்தான் அலைய வேண்டியிருக்கிறது. டிவி கேபிளுக்கான 75 ஓம் சாமானை வாங்கிவிடாதீர்கள்.

அதற்கு முன் 0 டெசிபெல்லில் ஃபிராங்கையும் சிர்ப்பையும் பிரித்தாக வேண்டும். ஃபிராங்க் குறியீடே சிர்ப்பின் படிக்கட்டு வடிவம்தான், அதனால்தான் இந்தப் பிடிவாதம். சிக்னலை அரை சிப் தாமதித்த தன் நகலின் இணையெண்ணோடு (ஃபேஸ் தலைகீழானது) பெருக்கிப் பார்க்கப் போகிறேன். சிர்ப் ஒரே கோடாக நிற்கும். ஃபிராங்கின் ஆற்றலில் ஒரு பங்கு பூஜ்ஜிய அலைவரிசைக்குப் போய்விட வேண்டும்.