வேப்பேரி வரிசையில்

சென்னை வேப்பேரி அரசு கால்நடை மருத்துவமனை வரிசையில் இன்று காலை எனக்கு முன்னால் ஒரு பாட்டி. மடியில் செவலை நாட்டு நாய்க்குட்டி. கழுத்துப் பட்டைக்குப் பதில் பழைய சேலைக் கரையைக் கிழித்துக் கட்டியிருந்தார்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி எண்ணினார்.

"தம்பி, ஊசிக்கு இது போதுமா?"

சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. போன மாதம் எங்கள் நாய் மணிக்கு வருடாந்திரத் தடுப்பூசி, குடற்புழு மாத்திரை, உண்ணி மருந்து என்று தனியார் கிளினிக்கில் 2,300 ரூபாய் கட்டினேன். நோய் எதுவும் இல்லாத நாய்க்கு! டாக்டரைக் குறை சொல்லவில்லை. மருந்து விலை, வாடகை, ஃப்ரிட்ஜ் கரண்ட் எல்லாம் அவருக்கும் இருக்கிறது.

ஆனால் அவ்வளவு பணம் இல்லாதவர்கள் ஊசியைத்தான் முதலில் தள்ளிப்போடுவார்கள். குட்டிகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் வந்துவிட்டால் நாள்கணக்கில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும், அப்படியும் குட்டி பிழைக்கும் என்று சொல்ல முடியாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் நாய்க்கும் சரி, மனிதருக்கும் சரி, காப்பாற்ற வழியே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பாட்டி போடும் ஒரு ஊசி அந்தத் தெருப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். அதை ஒவ்வொரு மாநகராட்சி வார்டிலும் இலவசமாகப் போட்டால் என்ன?

பணம் போதுமாக இருந்தது. அரசு மருத்துவமனை ஆயிற்றே.

வெளியே வந்தவர், தடுப்பூசி அட்டையை ரேஷன் கார்டு உறைக்குள் செருகினார். அப்புறம் மறுபடி எடுத்து நீட்டி, அடுத்த ஊசி தேதியை இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.