தாடிக்காரர் இருக்கணுமா, போகணுமா

ஏப்ரல் 4, 2025. விடியற்காலை 3 மணி

நம்ம டாட்டனம் கால்பந்து அணியின் மேனேஜர் போஸ்டகோக்லு, அந்தத் தாடிக்காரர், காதில் கை வைத்தாரே, அதுதான் தூங்க விடவில்லை.

செல்சியிடம் தோற்றது பழகிப்போன விஷயம். இங்கிலாந்து பிரீமியர் லீகில் இந்த சீசன் இது 16-வது தோல்வி. பெர்க்வாலை வெளியே எடுத்து பாப்பே சார் என்ற ஆட்டக்காரரை இறக்கியதும், அவ்வளவு தூரம் வந்திருந்த நம்ம ரசிகர்களே "என்ன செய்றேன்னு உனக்கே தெரியல" என்று பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சார் தூரத்திலிருந்து ஒன்று விட்டார், கோல். போஸ்டகோக்லு உடனே ரசிகர்கள் பக்கம் திரும்பி காதருகே கையைக் குவித்தார். இப்போ பாடுங்களேன், கேட்போம் என்கிற மாதிரி. அப்புறம் வீடியோ நடுவர் பார்த்து, அதற்கு முன்னாடியே ஃபவுல் என்று கோலையே ரத்து செய்துவிட்டார்கள்.

கேட்டால், அவர்கள் கோலைக் கொண்டாடும் சத்தத்தைக் கேட்கத்தான் காதில் கை வைத்தேன் என்கிறார். சரி, நம்பிட்டோம்.

அம்மா இரண்டு முறை எழுப்பினாள். வலி மாத்திரையை நாலு மணிக்கு முன் கொடுக்கக் கூடாது.

ஏப்ரல் 6

சவுத்தாம்ப்டனை 3-1 வென்றோம். ஏழு ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே கீழ் டிவிஷனுக்குத் தரமிறங்கிப் போன அணி அது. கொண்டாட ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 11

ஃபிராங்ஃபர்ட்டுடன் 1-1. போரோ குதிகாலால் தட்டிய கோல் அழகு. லீகை விடுங்கள், யூரோப்பா லீக் என்கிற ஐரோப்பியக் கோப்பை இருக்கிறது என்கிறான் லண்டன் எட்மண்டனில் இருக்கும் சித்தி மகன். அவன் வீட்டிலிருந்து ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். பக்கத்தில் இருப்பதாலோ என்னவோ அவனுக்குக் கோபமே வருவதில்லை.

சாயந்திரம் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே 103. வீடே துக்க வீடு மாதிரி இருக்கிறது. ஃபிளெமிங் 2009-லிருந்து கோச். அவரைத் தூக்கணும் என்று இந்தத் தெருவில் ஒருத்தர் வாயிலிருந்தும் வரவில்லை.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி, பாயசம். அம்மா தலையணை வைத்து அரைமணி நேரம் உட்கார்ந்தாள்.

நேற்று வுல்வ்ஸிடம் 4-2. இரண்டாவது நிமிடத்திலேயே கோல் வாங்கினோம். 3-2 ஆக்கிவிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்த நிமிடமே நாலாவது. மதியம் மச்சான் போனில் ஒரு மணி நேரம் பேசினான். அவன் கட்சி எளிமையானது: இன்றைக்கே தூக்கணும். 17 தோல்வி. வேறு எந்த கிளப்பாக இருந்தாலும் கிறிஸ்மஸுக்கே அனுப்பியிருப்பார்கள்.

நான் சொன்னது: நவம்பரில் கோல்கீப்பர் விகாரியோவுக்குக் கணுக்கால் முறிவு, டிசம்பரில் டிஃபென்டர்கள் ரொமேரோ இல்லை, வான் டெ வென் இல்லை. 18 வயது ஆர்ச்சி கிரே, நடுக்களத்து ஆள், அவனை நடு டிஃபென்டராக நிறுத்தி வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆடினோம். எந்த மேனேஜரால் என்ன செய்திருக்க முடியும்?

அதற்கு அவன்: காயம் என்ன மழையா, தானாகப் பெய்ய? 90 நிமிடமும் ஓடு ஓடு என்றால் தொடைத் தசை கிழியாதா? டிசம்பரில் ரொமேரோவும் வான் டெ வெனும் காயத்திலிருந்து திரும்பி வந்த அதே செல்சி ஆட்டத்தில் இரண்டு பேரும் மறுபடி காயத்தோடு வெளியே போனார்கள். அவசரப்பட்டு இறக்கியது யார்?

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே 2021-க்குப் போனேன். எனக்கு வேறு வழி தெரியாதபோது நான் போகிற இடம் அது. கப் வாங்கித் தருவார் என்றுதான் மொரின்யோவை மேனேஜராகக் கூப்பிட்டார்கள். லீக் கப் ஃபைனலுக்கு ஆறு நாள் இருக்கும்போது அவரையே தூக்கினார்கள். 29 வயது ரயன் மேசன் அணியை வெம்ப்லிக்கு அழைத்துப் போனார், மான்செஸ்டர் சிட்டியிடம் 1-0 தோல்வி. மறுபடி அதையே செய்யணுமா?

"செய்யணும்" என்றான் மச்சான்.

ஏப்ரல் 18, விடியற்காலை

ஃபிராங்ஃபர்ட்டில் 0-1! சொலாங்கி பெனால்ட்டி. அரையிறுதி!

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. இரண்டாம் பாதி முழுக்க பின்னால் இறங்கி நின்று, பந்தை அவர்களிடமே கொடுத்துவிட்டு, நேரம் கடத்தி, தலையால் முட்டி முட்டி வெளியே தள்ளி ஜெயித்தோம். 2023 நவம்பரில் இதே மனிதர் செல்சிக்கு எதிராக ஒன்பது பேரோடு நடுக்கோட்டில் டிஃபென்ஸை நிறுத்தி 4-1 வாங்கினார். ஐந்து பேர் மிஞ்சினாலும் இப்படித்தான் ஆடுவோம் என்று சொன்னவர். அவருக்குப் பின்னால் நின்று ஆடத் தெரியாது என்றுதான் இத்தனை மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் வுல்வ்ஸிடம் ஏன் இல்லை? இப்ஸ்விச்சிடம் ஏன் இல்லை? லெஸ்டரிடம் சொந்த மைதானத்தில் தோற்றோமே, அன்றைக்கு ஏன் இல்லை?

ஏப்ரல் 22

ஃபாரஸ்ட்டிடம் 1-2. எழுத ஒன்றும் இல்லை. 18-வது தோல்வி.

ஏப்ரல் 28

லிவர்பூல் 5-1. முதல் கோல் நம்முடையது. அதைத் தவிர மற்றதெல்லாம் லீக் சாம்பியன் ஆகிவிட்ட அவர்களுடைய பட்டாபிஷேகம். நாம் சும்மா வந்து நின்ற விருந்தாளிகள்.

முந்தாநாள் இப்ஸ்விச் தரமிறங்கிவிட்டதால் நாம் பிழைத்துவிட்டோம். சவுத்தாம்ப்டன், லெஸ்டர், இப்ஸ்விச் மூன்றும் இவ்வளவு மோசமாக இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைக்கவே வேண்டாம். மச்சானுக்கு நான் இதைச் சொல்லவில்லை. அவனாகவே சொன்னான்.

மே 2

அரையிறுதி முதல் ஆட்டம், நார்வேயின் போடோ கிளிம்ட்டுடன் 3-1. முதல் நிமிடத்திலேயே ஜான்சன். கடைசியில் நாம் ஒரு கோல் வாங்கினோம், அது நெஞ்சில் முள்.

அம்மா கேட்டாள்: "இன்னும் அந்தத் தாடிக்காரரைத் துரத்தலயா?" இல்லம்மா. "என்ன வயசு?" 59. "அப்ப விடு, அடுத்த வருஷம் ரிட்டையர்மென்ட் தானே."

மே 5

வெஸ்ட் ஹாமில் 1-1. அதை யார் பார்த்தார்கள்? நம்மை விட்டுப் போன ஹாரி கேன் ஜெர்மனியில் சாம்பியன் ஆகிவிட்டார். கடைசியில் அவருக்கும் ஒரு கோப்பை. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. சத்தியமாக. நம்ம சன் ஹியுங்-மின் பற்றித்தான் கவலை. 2015-ல் வந்தவர், கேப்டன், பத்து வருஷமாக வெறுங்கை. கால் காயம் இன்னும் ஆறவில்லையாம்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மதியம் இரண்டு மணிநேரம் கரண்ட் இல்லை. அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தேன்.

மே 9

ஊரே நியூஸ் சேனல் முன்னால். ஐபிஎல்லை நிறுத்திவிட்டார்கள். நான் மட்டும் நேற்று ராத்திரி ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே ஒரு செயற்கைப் புல் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 0-2. சொலாங்கி, போரோ. அங்கே போய் லாட்சியோவே தோற்றிருக்கிறது. நாம் பதறவே இல்லை. யார் இந்த அணி?

ஃபைனல். ஸ்பெயினில், பில்பாவ். மான்செஸ்டர் யுனைடெட்.

மே 12

பேலஸ் 0-2. தோற்றது போகட்டும். குலுசெவ்ஸ்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். மேடிசன் இல்லை, பெர்க்வால் இல்லை, இப்போது இவரும். பந்தை முன்னால் கொண்டுபோக ஆளே இல்லை.

பிசியோ இன்று பால்கனி வரை நடக்க வைத்தார். வாக்கரை அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "இது என்னடா, மாட்டு வண்டி மாதிரி."

மே 17

வில்லா 2-0. 21-வது தோல்வி.

மச்சான் நேற்று ஒரு புதுக் கேள்வி கேட்டான். ஃபைனலை ஜெயித்தாலும் ஆளைத் தூக்கணுமா? ஆமாம் என்றான் அவனே. ஜெயித்தால் அடுத்த சீசன் சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பாவின் பெரிய போட்டி. 17-வது இடத்தில் இருக்கிற டிஃபென்ஸோடு மாட்ரிட்டுக்கும் மியூனிக்குக்கும் போவாயா என்றான்.

போவேன் என்றேன். சொல்லிவிட்டு பயமாக இருந்தது.

மே 21

ஒரு பத்திரிகை போஸ்டகோக்லுவைக் கோமாளி என்று எழுத, நான் கோமாளி இல்லை என்று அவர் பதில் சொல்ல, ஃபைனலுக்கு முந்தைய நாள் இப்படிப் போனது. 16-வது இடமும் 17-வது இடமும் மோதுகிற ஃபைனல். ஆர்சனல்காரர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

கடைசியாகக் கப் வாங்கியது 2008. உட்கேட் தலையில் பட்டு உள்ளே போனது. ஐரோப்பாவில் என்றால் 1984. செப்டம்பரில் ஆர்சனலிடம் தோற்ற அன்று இவர் சொன்னார், இரண்டாம் வருஷம் நான் எப்போதும் ஏதாவது ஜெயிப்பேன் என்று. இதற்கு முன் இருந்த பிரிஸ்பேன், யோகோஹாமா, செல்டிக் எல்லாமே அப்படித்தான். அன்றைக்கு அதைக் கேட்டு எரிச்சல்தான் வந்தது.

சாப்பாடு இறங்கவில்லை.

மே 22. நாலரை மணி

ஜெயிச்சிட்டோம்.

மே 22. மதியம்

தூங்கவில்லை. ஆபீசில் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.

42-வது நிமிடம். சார் உள்ளே போட்டார், பந்து யுனைடெட்டின் ஷா மேல் பட்டது, ஜான்சன் காலை நீட்டினார், என்னமோ ஆகி உள்ளே உருண்டது. இவ்வளவு அசிங்கமான கோலை இத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்த ஆள் நானாகத்தான் இருப்பேன். அதற்கப்புறம் ஆட்டம் முழுக்க நம் பெனால்ட்டி பாக்ஸில்தான். 68-வது நிமிடம் அவர்களுடைய ஹோய்லுண்ட் தலையால் முட்டியது வலைக்குப் போய்விட்டது என்று கண்ணை மூடிவிட்டேன். வான் டெ வென் அந்தரத்தில் கிடைமட்டமாகப் பறந்து, கோட்டிலிருந்து காலால் வெட்டி எடுத்தார். கடைசியில் ஷா முட்டியதை விகாரியோ தட்டிவிட்டார்.

சன் 67-வது நிமிடம் இறங்கினார். விசில் ஊதியதும் கொரியக் கொடியை இடுப்பில் கட்டிக்கொண்டு அழுதார். நானும்தான். அம்மா எழுந்து, என்னமோ கெட்ட சேதி என்று நினைத்து, "யாருடா?" என்று கேட்டாள்.

டான்சோவை இறக்கி ஐந்து பேர் பின்னால்! அந்தத் தாடிக்காரர்! ஜான்சனை எடுத்துவிட்டு ஒரு டிஃபென்டரை இறக்குகிறார்! நடுக்கோட்டில் ஒன்பது பேரை நிறுத்திய அதே ஆள். மொரின்யோ வீட்டில் உட்கார்ந்து கைதட்டியிருப்பார்.

அவர் இருக்கணும். எழுதி வைத்துக்கொள்கிறேன். இருக்கணும்.

மே 24

டாட்டனம் தெருக்களில் ஊர்வலம். எட்மண்டன் தம்பி தோளில் மகனைத் தூக்கிவைத்து வீடியோ அனுப்பினான். போஸ்டகோக்லு மைக்கைப் பிடித்து, நல்ல டிவி தொடர்களில் மூன்றாவது சீசன் இரண்டாவதைவிட நன்றாக இருக்கும் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. வீடியோவை மச்சானுக்கு அனுப்பினேன். "நிறைய தொடர் ரெண்டாவது சீசனோடயே நின்னுடும்" என்று பதில்.

மே 26

பிரைட்டன் 1-4, சொந்த மைதானத்தில். 38 ஆட்டத்தில் 22 தோல்வி, 38 பாயின்ட், 17-வது இடம். 1977-ல் தரமிறங்கியதற்கு அப்புறம் இவ்வளவு கீழே போனதில்லை.

கப் வாங்கிய மயக்கத்தில் ஆடினார்கள் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். முதல் கோல் நாம்தான் போட்டோம், அப்புறம் நாலு வாங்கினோம். அதே ஓட்டை, அதே இடம். கார்னர் வந்தால் இன்னும் வயிறு பிசைகிறது.

மச்சான் சொல்வது சரியாக இருந்தால்? பில்பாவில் ஜெயித்தது இவருடைய ஆட்டமே இல்லை என்றால்? தனக்குப் பிடிக்காத ஆட்டத்தை ஆடித்தான் ஜெயித்தார். ஆகஸ்ட்டில் எந்த ஆட்டத்தோடு வருவார்? நடுக்கோட்டுக்காரரா, ஐந்து பேர் டிஃபென்ஸ்காரரா? இரண்டாமவர் வருவார் என்று யாராவது எழுதிக் கொடுத்தால் இன்றைக்கே மூன்று வருஷ ஒப்பந்தம் போடலாம். யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

ஜூன் 1

செய்தி இல்லை. எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பு சேர்கிறதாம்.

ஜூன் 4

ஆர்சிபி கப் வாங்கிவிட்டது. 18 வருஷம். தெருவில் இரண்டே இரண்டு பட்டாசு. போஸ்டகோக்லுவைப் பற்றி இன்னும் கிளப் வாயைத் திறக்கவில்லை. இப்படி இழுப்பது கேவலம். வைத்துக்கொள்வதானால் சொல்லு, இல்லையென்றால் அதையாவது சொல்லு.

ஜூன் 7

தூக்கிவிட்டார்கள். நேற்று. 2023-ல் வேலைக்கு எடுத்த அதே ஜூன் 6.

கிளப் அறிக்கையை மூன்று தடவை படித்தேன். நிக்கல்சன், பர்கின்ஷாவுக்கு அடுத்து ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த மூன்றாவது மேனேஜர் என்று பாராட்டுகிறார்கள். அப்புறம் கீழே, கடைசி 66 லீக் ஆட்டத்தில் 78 பாயின்ட் என்று ஒரு வரி. ஏன் 66? முதல் பத்து ஆட்டத்தில் 26 பாயின்ட், தோல்வியே இல்லை. அதைக் கழித்தால்தான் 66 வரும். நல்லதை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைக் கூட்டியிருக்கிறார்கள். அந்த அறிக்கையை எழுதியவர் மேல்தான் எனக்கு இப்போது கோபமெல்லாம்.

சேர்த்தே கூட்டினாலும் 76 ஆட்டத்தில் 104 பாயின்ட்தான் வருகிறது என்று மச்சான் கணக்குப் போட்டுக் காட்டினான். அதுவும் பெரிய கணக்கு இல்லைதான். இருந்தாலும் அவன் குரலில் சந்தோஷம் இல்லை. ஏப்ரலிலேயே அனுப்பியிருந்தால் கப் வந்திருக்குமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அதை எதுக்கு இப்ப கேக்குற" என்றான்.

அம்மாவிடம் சொன்னேன். "கப் வாங்கிக் குடுத்தவரையா? என்ன மனுஷங்கடா அவங்க?" போன மாசம் "இன்னும் துரத்தலயா" என்று கேட்டது இவள்தான்.

நானாக இருந்தால்? நவம்பர் வரை வைத்திருப்பேன். நவம்பரில் அழுதுகொண்டே தூக்கியிருப்பேன்.

ஜூன் 12

புது மேனேஜர் தாமஸ் ஃபிராங்க், பிரென்ட்ஃபர்டிலிருந்து. கார்னர், த்ரோ இன் எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருக்கிற ஆளாம். தம்பி "சூப்பர்" என்று அனுப்பினான். மச்சான் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றுக்கு ஒரே ஒரு மெசேஜ்: "இவரு பெரிய கிளப் எதையும் பாத்ததில்லையே?"