எம்.பி. எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்? கேட்கப் போகிறவர்களுக்கு

உங்கள் எம்.பி. ஒரு சட்டத்தை ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று கேட்க அவர் அலுவலகத்துக்குப் போகிறீர்களா? அன்று மக்களவையில் பெயர் பதிவாகிற மாதிரி வாக்கெடுப்பு நடந்ததா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் "சார் எதிர்த்தாருங்க" என்ற ஒரே பதிலில் உங்களை அனுப்பிவிடுவார்கள்.

நான் கேட்டது 2022 குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் பற்றி. எங்கள் பகுதியில் தண்ணீருக்கு மறியல் செய்தால் பிடித்துக்கொண்டு போய்க் கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து சாயங்காலம் விட்டுவிடுவார்கள். 1920-ம் ஆண்டுப் பழைய சட்டப்படி, ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் கிடைக்கக்கூடிய குற்றத்தில் கைதானால்தான் கைரேகை போன்ற அளவீடு எடுக்கலாம். புதிய சட்டத்தில் எந்தக் குற்றத்துக்காகக் கைதானாலும் கைரேகை, கருவிழிப் பதிவு, கையெழுத்து எல்லாம் எடுக்கலாம், 75 ஆண்டு வைத்திருக்கலாம். விசாரணை இல்லாமல் விடுவிக்கப்பட்டால் அழிக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, சரி. ஆனால் அழித்தார்களா என்று மறியலுக்குப் போன ஒரு பாட்டி எங்கே போய்க் கேட்பார்?

அலுவலகத்தில் உதவியாளர் உட்காரச் சொன்னார், டீயும் வந்தது. பதில்தான் வரவில்லை. "கட்சியே எதிர்த்துச்சு, அப்புறம் அவர் மட்டும் எப்படிங்க ஆதரிப்பாரு?" என்றார். எழுத்தில் கேட்கிறேன் என்று மனுவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், ஆனால் பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்துப் போட மறுத்தார். "இது என்ன தாலுகா ஆபீஸா, சீல் குத்திக் குடுக்க?" அன்றைக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அதே மனுவைப் பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். நேரில் கொடுப்பதைவிடத் தபாலில் அனுப்புவதுதான் நல்லது.

பதில் வருவதற்குள் நாடாளுமன்ற இணையதளத்தில் அவை விவாதங்களின் பிடிஎப்பைத் தேடினேன். ஏப்ரல் 4 அன்று மக்களவையில் மசோதா நிறைவேறியது குரல் வாக்கெடுப்பில். 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் கத்துவார்கள், அவைத்தலைவர் ஒரு பக்கம் அதிகம் என்று அறிவிப்பார், அவ்வளவுதான். யார் பெயரும் கிடையாது. என் கேள்விக்குப் பதில் எந்த ஆவணத்திலும் இல்லை என்று தெரிந்தபோது வயிறு எரிந்தது.

ஆனால் அதே மசோதாவை மார்ச் 28 அன்று அறிமுகம் செய்ய அனுமதி கேட்டபோது எதிர்க்கட்சிகள் டிவிஷன், அதாவது பெயர் பதிவாகிற வாக்கெடுப்பு, கேட்டிருந்தன. ஆதரவு 120, எதிர்ப்பு 58. பட்டியலில் எங்கள் எம்.பி. பெயரை மேலும் கீழும் தேடினேன், எந்தப் பக்கமும் இல்லை. வருகைப் பதிவேட்டிலோ அன்றைக்கு அவர் கையெழுத்து இருக்கிறது! காலையில் கையெழுத்துப் போட்டவர் ஓட்டுப் போடும்போது உள்ளே இருந்தார் என்று நம்பிவிடாதீர்கள்.

இரண்டையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு, எம்.பி. ஊரில் இருக்கும் நாளாகப் பார்த்துப் போனேன். தாள்களைப் பார்த்ததும் உதவியாளர் எதுவும் பேசாமல் உள்ளே கூட்டிக்கொண்டு போனார். எம்.பி. கோபப்படவில்லை. அறிமுகத்தின்போது வெளியே ஒரு கூட்டத்தில் இருந்ததாகச் சொன்னார். "சரிங்கய்யா, ஏப்ரல் 4 அன்னைக்கு டிவிஷன் கேட்டீங்களா?" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கேக்கலை. தோக்கத்தானே போறோம்" என்றார்.

அதற்குப் பதில் கையோடு கொண்டுபோயிருந்தேன். 2019 ஜூலை 24 அன்று, தனிநபரையே பயங்கரவாதி என்று அறிவிக்க வழிசெய்த ஊபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்) திருத்தத்தில் எதிர்ப்பு வெறும் 8 ஓட்டு, ஆதரவு 287. காங்கிரஸ் முதலான எதிர்க்கட்சிகள் வெளிநடப்புச் செய்துவிட்டன. டிவிஷன் நடந்ததால்தான் அந்த எட்டுப் பேர் யார் என்று இன்றைக்கும் எடுத்துக் காட்ட முடிகிறது. வெளிநடப்புச் செய்தவர்களின் எதிர்ப்பு அந்தக் கணக்கில் ஏறவே இல்லை.

எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவைச் சாக்காகச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலோ, போடாமல் இருந்தாலோதான் 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி பதவிக்கு ஆபத்து. டிவிஷன் கேட்பது வேறு விஷயம். மக்களவை விதி 367-ன்படி, அறிவித்த முடிவை ஓர் உறுப்பினர் ஏற்க மறுத்து டிவிஷன் கேட்கலாம். அவைத்தலைவர் அது தேவையற்றது என்று நினைத்தால் உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிக்கை மட்டும் எடுக்கலாம், அப்போது பெயர் பதிவாகாது. அதையும் சேர்த்தே கேளுங்கள்.

கடைசியில் அவருடைய லெட்டர்பேடில், இப்படிப்பட்ட மசோதாக்களில் டிவிஷன் கேட்பேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நகல் எடுத்துத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டோம். 2023 டிசம்பரில் மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் குரல் வாக்கெடுப்பிலேயே போயின. அந்தக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் 146 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இடைநீக்கம் ஆகியிருந்தார்கள். எங்கள் எம்.பி.யும் அதில் ஒருவர். அதனால் அந்த வாக்குறுதியைக் கேட்டு மறுபடியும் மனு எழுதியிருக்கிறேன், இந்த முறையும் தபாலில்தான்.