சீட்டு கூடினால் கட்-ஆஃப் எங்கே போகும்?

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கிற வீட்டில் இதே பேச்சுதான்: "கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சீட்டைக் கூட்டிட்டாங்களாம், கிடைச்சிடும்." கிடைக்கலாம். ஆனால் கூடிய சீட்டு யாருக்குப் போகிறது என்பதுதான் விஷயம்.

2019-இல் மத்திய கல்வி நிறுவனங்கள் 10 சதவீத ஈ.டபிள்யூ.எஸ். (பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோர்) இடத்துக்காக மொத்த இடங்களைச் சுமார் 25 சதவீதம் கூட்டின. 100 இடத்தில் பொதுப்பிரிவுக்கு 50.5 இருந்தது. 10 சதவீதம் போனால் அதன் பங்கு 40.5 சதவீதம்தான். அந்த 50.5 இடம் குறையக் கூடாதென்றால் மொத்தம் சுமார் 125 ஆகணும். அதாவது பொதுப்பிரிவுக்கு ஓர் இடம்கூட ஏறவில்லை!

தமிழ்நாட்டு பொறியியல் கவுன்சலிங்கில் கதை வேறு. 2024-25 முதல் நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை, தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. சிறுபான்மையல்லாத தனியார் கல்லூரி 120 இடத்தை 240 ஆக்கினால், 65 சதவீத அரசு ஒதுக்கீடு 78-இலிருந்து 156. அதில் பி.சி. 26.5 சதவீதம், சுமார் 21 என்பது 41 ஆகும். அங்கே கட்-ஆஃப், அதாவது கடைசியாக இடம் கிடைப்பவரின் மதிப்பெண், இறங்கும். அடுத்த நிலைக் கல்லூரியிலிருந்தும் ஆள் மேலே நகர்வதால் அங்கேயும் இறங்கும். போன வருஷக் கட்-ஆஃபை மட்டும் நம்பி சாய்ஸ் போட்டால் ஏமாற்றம்தான். "கிடைக்காது" என்று விட்ட கல்லூரியையும் விருப்ப வரிசையில் மேலேயே வையுங்கள், அதனால் நஷ்டமில்லை.

சேர்வதற்குமுன் ஆசிரியர் எண்ணிக்கையைக் கேளுங்கள். 20 மாணவருக்கு ஒருவர் என்பது விதி. 120 இடம் கூடினால் நாலு வருஷத்தில் 480 பேர், 24 ஆசிரியர். லேப் சிஸ்டம் எத்தனை என்றும் நேரில் போய் எண்ணிப் பாருங்கள், பிரவுச்சரில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.