ஆயிரத்தில் எத்தனை தேறும்?

புதிதாக எங்களோடு கல்யாணப் போட்டோ எடுக்கும் வேலைக்கு வரும் பையன்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி, "அண்ணே, ஒரு கல்யாணத்துல எத்தனை படம் தேறும்?" என்பதுதான். எண்ணாகச் சொல்வது சுலபம். மாலை ரிசப்ஷனும் மறுநாள் முகூர்த்தமும் சேர்த்து ஒரு கேமராவில் மூவாயிரம் நாலாயிரம் கிளிக் ஆகும், வீட்டாருக்குக் கொடுப்பது எழுநூறு எண்ணூறு, அதில் ஆல்பத்தில் ஏறுவது இருநூறுக்குப் பக்கம், இது என் வேலை என்று நாளைக்கு இன்னொருவரிடம் நான் காட்டுவதற்கு வைத்துக்கொள்வது இரண்டோ மூன்றோ. சில கல்யாணங்களில் அதுவும் இருக்காது. ஆனால் இந்தக் கணக்கை வைத்து யாரும் தன் திறமையை அளந்துகொள்ள வேண்டாம் என்பேன், ஏனென்றால் யாருக்குத் தேறுகிறது என்பது முக்கியம்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் முழங்கியதும் நாலாபக்கமிருந்தும் அட்சதை பறக்கும், ஆட்டோஃபோகஸ் பெண்ணின் முகத்தை விட்டுவிட்டு முன்னால் விழும் அரிசியைப் பிடித்துக்கொள்ளும், சித்தப்பா ஒருவர் செல்போனை நீட்டிக்கொண்டு குறுக்கே வருவார், ஓமப் புகை ஒருபக்கம், மேடை எல்இடி விளக்கின் மினுக்கத்தில் சில படங்களில் கறுப்புப் பட்டை விழும். 2017-ல் வந்த சோனி ஏ9 கேமராவே நொடிக்கு 20 படம் எடுக்கும், அதனால் அந்த அரை நிமிடத்துக்குள் நூறு படம் என்பது சாதாரணம். அதில் இரண்டு தேறினால் மீதி எல்லாம் தோல்வி இல்லை, அந்த இரண்டுக்காக எடுத்தவை. இதில் சதவீதம் பார்த்து என்ன செய்யப்போகிறோம்?

ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம், ஒவ்வொன்றுக்கும் காசு, எனவே எடுத்ததில் பெரும்பாலானவை ஆல்பத்துக்குள் போயின. அதைச் சொல்லி அந்தக் கால ஆட்கள் பெரிய கைகாரர்கள் என்று பேசுபவர்கள் உண்டு. கைகாரர்கள்தான், சந்தேகமில்லை. ஆனால் அன்றைக்குக் கேட்டதே வேறு: எல்லோரும் ஃபிரேமுக்குள் நிற்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தாலி ஏறும்போது பெண்ணின் அம்மா முகம் எப்படி இருந்தது என்று அப்போது யாரும் படம் கேட்கவில்லை. அப்புறம், அமெரிக்காவைக் காரில் சுற்றிப் படமெடுத்த ராபர்ட் ஃபிராங்க் 1955, 56-ல் 767 ரோல்கள், ஏறத்தாழ 27,000 படங்கள் எடுத்துத் தன் புத்தகத்துக்கு வைத்துக்கொண்டது 83. முந்நூறுக்கும் மேல் எடுத்து ஒன்று. மனம் சோர்ந்துபோகும் பையன்களிடம் இதைச் சொல்வேன். ஆனால் அவர் தனக்காகத் தேர்ந்தெடுத்தவர், நாங்கள் இன்னொரு குடும்பத்துக்காகத் தேர்ந்தெடுக்கிறோம். அந்த வித்தியாசம் பெரியது.

கல்யாணம் முடிந்து இரண்டு மூன்று வருஷம் கழித்துச் சில வீடுகளிலிருந்து போன் வரும். "தம்பி, தாத்தா தனியா இருக்கிற மாதிரி ஏதாவது படம் இருக்குமா?" என்பார்கள். எதற்கென்று நாங்கள் கேட்பதில்லை. நினைவஞ்சலி போஸ்டரிலும் சுவரில் மாலை போட்டு மாட்டும் படத்திலும் இருக்கும் முகங்களில் நிறைய, ஏதோ ஒரு கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தவைதான். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது, முன்வரிசையில் பேரனை மடியில் வைத்திருக்கும்போது, சும்மா லைட் பார்க்க எடுத்த படங்கள் அவை. ஆல்பத்துக்கு ஆகாது. எனக்கும் ஆகாது. அந்த வீட்டுக்கு மட்டும் அதைவிடப் பெரிய படம் கிடையாது.

அதனால் எங்கள் இடத்தில் கேமராவிலேயே அழிப்பது கிடையாது. வேலை முடிந்த ராத்திரியே உட்கார்ந்து கழிக்கவும் விடமாட்டேன், நாற்காலி மேல் ஏறி நின்று கஷ்டப்பட்டு எடுத்த படத்தின் மேல் அன்றைக்கு ஒரு பாசம் இருக்கும், படம் சுமாராக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு நாள் போகட்டும். முதல் சுற்றில் முகமே தெரியாதவை மட்டும் போகும், ஒரே மாதிரி உள்ளவற்றில் நல்லதைப் பிரிப்பது இரண்டாவது சுற்றில். வயதானவர்கள் தனியாகத் தெளிவாக விழுந்த படங்களுக்கு படங்களைப் பிரித்துத் திருத்தும் லைட்ரூம் சாஃப்ட்வேரில் ஒரு கலர் குறி போட்டுத் தனி ஃபோல்டராகக் கொடுக்கிறோம். ஆல்பம் செலக்‌ஷனில் அதைப் பெரும்பாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை, பரவாயில்லை, ஹார்ட் டிஸ்க்கில் அது அவர்கள் வீட்டில் இருந்தால் போதும்.