சூளைக் கதவைத் தூக்கும் கேரியரை மாற்றினோம்

எங்கள் மரம் உலர்த்தும் சூளையில் கதவோரம் அடுக்கிய பலகைகள் மட்டும் ஈரமாகவே வந்துகொண்டிருந்தன. மற்ற இடங்களில் ஈரப்பத மீட்டர் 10 சதவீதம் காட்டும்போது, கதவின் வலது கீழ் மூலைக்குப் பக்கத்தில் 15. நீராவி வால்வும் அடிக்கடி திறந்தது. விசிறியைச் சந்தேகித்து இரண்டு உலர்த்தும் சுற்று வீணாயிற்று. கடைசியில் ஓடும் சூளைக்கு வெளியே நின்று கதவு விளிம்பில் கையை வைத்துப் பார்த்தேன். அந்த மூலையில் சூடான ஈரக்காற்று கசிந்தது. ரப்பர் பட்டை கிழிந்திருந்தது.

பட்டையை மாற்றினோம். ஒரு மாதத்தில் அதே மூலையில் மறுபடி கிழிந்தது. அப்போதுதான் கதவைத் தூக்கும் விதத்தைக் கவனித்தேன்.

எங்கள் கதவு 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம், எடை ஏறக்குறைய அரை டன். கீல் கிடையாது. மேலே தண்டவாளத்தில் சக்கரங்களோடு ஒரு கேரியர் ஓடும். அதன் இரண்டு கொக்கிகளைக் கதவில் மாட்டி, கைப்பம்பால் எண்ணெய் அடித்தால் கதவு சில சென்டிமீட்டர் எழும்பி, சட்டத்தின் தாங்கிகளை விட்டு வெளியே வரும். பிறகு பக்கவாட்டில் தள்ளிவிடலாம். மூடும்போது சரிவான தாங்கிகளில் இறங்கும் கதவைத் தன் எடையே பட்டையோடு அழுத்திவிடும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஆனால் கதவு மட்டமாக எழும்பி மட்டமாக இறங்க வேண்டும்.

எங்களுடையது அப்படி இல்லை. ஒரே பம்பிலிருந்து, கொக்கிகளைத் தூக்கும் இரண்டு எண்ணெய்ச் சிலிண்டருக்கும் எண்ணெய் போனது. பாரம் குறைந்த பக்கத்துக்குத்தான் எண்ணெய் முதலில் பாயும். கொக்கி கொஞ்சம் தள்ளி மாட்டினாலே போதும், இடது பக்கம் முதலில் எழும், வலது மூலை பட்டையைத் தேய்த்துக்கொண்டே நிற்கும். பத்து வருடமாகக் கதவைத் திறந்து மூடும் அண்ணன், "அந்த மூலை எப்பவும் கடைசியாத்தான் எந்திரிக்கும் தம்பி" என்றார். அவரிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

புதிய கேரியரில் நடுவில் ஒரே சிலிண்டர்தான். அது இரண்டு சங்கிலிகளைச் சேர்த்து இழுக்கும், சங்கிலிகள் கப்பி வழியாக இரண்டு கொக்கிக்கும் இறங்கும். முழு எடையும் ஒன்றின் மேலேயே வருவதால் பெரிய விட்டமுள்ள சிலிண்டராகக் கேட்டு வாங்கினோம். மரத்திலிருந்து வரும் ஆவியில் அசெட்டிக் அமிலம் இருக்கும், சாதா இரும்பைத் தின்றுவிடும். அதனால் இணைப்பு ஊசிகளும் (பின்) கொக்கிகளும் துருப்பிடிக்காத எஃகு.

பொருத்துவதற்கு முன் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்ததில் தண்டவாளம் நடுவில் 8 மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது தெரிந்தது. தள்ளாமலே கதவு நடுவை நோக்கி உருண்டதன் காரணம் அதுதான். தகடு கொடுத்து நிமிர்த்த ஒரு நாள் முழுக்கப் போனது. கேரியரை ஏற்ற அரை நாள்தான் ஆனது.

இன்னொன்றில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. சிலிண்டரின் சீல் தேய்ந்தால் தூக்கிய கதவு மெல்ல இறங்கும். எண்ணெயை மட்டும் நம்பிக் கதவை நகர்த்தக் கூடாது என்று, தூக்கிய கதவை இறங்காமல் பிடித்துக்கொள்ளும் பூட்டு ஊசி வைக்கச் சொன்னேன். ஊசி விழாமல் யாரும் தள்ளுவதில்லை, கதவுக்கு அடியில் காலை நீட்டுவதும் இல்லை.

நான்கு சுற்று முடிந்துவிட்டது. மூலைப் பலகைகள் இப்போது 11 காட்டுகின்றன. அடுத்த மாதம் இரண்டாவது சூளையின் தண்டவாளத்துக்கு டியூப் லெவல் பிடிக்கப் போகிறோம்.