யாரும் இறக்காத இடம்

சாலைப் பாதுகாப்புப் பணியில் சேர்ந்த புதிதில் என் கையில் எப்போதும் ஒரு வரைபடம் இருக்கும். உயிரிழப்பு நடந்த இடங்களில் சிவப்புப் புள்ளிகள். புள்ளிகள் நெருங்கியிருக்கும் இடத்துக்கே நிதி போகும். அதுதான் நியாயம் என்று நம்பியிருந்தேன்.

ஒரு கிராமக் கூட்டத்தில் அதை விரித்தபோது, பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் ஒரு பெண்மணி, புள்ளியே இல்லாத ஒரு வளைவில் விரலை வைத்தார்.

“அங்கே யாரும் இறக்கவில்லையே, அம்மா” என்றேன்.

“தெரியும் சார். அதனால்தான் இப்போதே சொல்கிறேன்.”

மறுநாள் காலை அவருடன் அங்கே நின்றேன். வளைவின் உட்புறம் ஆளுயரப் புதர். அதை ஒட்டியே பஸ் நிறுத்தம். இறங்கிய பிள்ளைகள் பஸ்ஸின் முன்பக்கமாகக் கடந்தார்கள். பஸ்ஸை முந்தி வருபவருக்கு அவர்கள் தெரியவே மாட்டார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டர் கடந்துவிடும். ஓட்டுநரின் கால் பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை பிள்ளைகள் பின்வாங்கி ஓடியதைக் கண்டேன். இவற்றில் ஒன்றுகூட எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

மனிதர்கள் தவறு செய்வார்கள், அதற்கு உயிர் விலையாகக் கூடாது என்ற கொள்கையை ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது. பயிற்சி வகுப்பில் அதை மனப்பாடம் செய்திருந்தேன். புரிந்தது அந்த வளைவில்தான். விபத்து நடந்திருந்தால் ‘பாதசாரியின் கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடியிருப்போம். 2021இல் உலகச் சாலைகளில் இறந்த சுமார் 11.9 லட்சம் பேரில் ஏறத்தாழப் பாதிப் பேர் நடந்தும் சைக்கிளிலும் இருசக்கர, மூன்று சக்கர வாகனங்களிலும் சென்றவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அத்தனை பேருமா கவனமற்றவர்கள்?

ஊரார் வேகத்தடை கேட்டார்கள். வளைவுக்குள் வேகத்தடை வைத்தால் இரவில் வரும் இருசக்கர வாகனத்தைத் தூக்கி எறிந்துவிடும் என்று நான் மறுத்தேன். இரண்டு மாலைகள் வாக்குவாதம். கடைசியில் வழி சொன்னவர் ஒரு வேன் ஓட்டுநர்: “நிறுத்தத்தை வளைவு தாண்டி நேர்ச்சாலைக்கு மாற்றுங்கள். பஸ் போன பிறகு பிள்ளைகள் கடக்கட்டும்.” என் படிப்பில் எனக்குத் தோன்றாதது அது.

புதரை அவர்களே ஒரே நாளில் வெட்டினார்கள். நிறுத்தத்தை மாற்றும் ஆணை வரப் பல மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் ஒவ்வொரு காலையும் அந்தப் பெண்மணி கையில் சிவப்புத் துணியோடு நின்றார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் மஞ்சள் பேனா கொண்டுபோகிறேன். மயிரிழையில் தப்பிய இடங்களை ஊரார் குறித்துத் தருகிறார்கள்.

சென்ற முறை அந்த வளைவுக்குப் போனபோது புதர் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. பள்ளிச் சுவரில் முறைப்பட்டியல் எழுதியிருந்தார்கள். அந்த மாதத்துக்குரியவர் யார் என்று கேட்டேன். வேன் ஓட்டுநர் அரிவாளோடு வந்துகொண்டிருந்தார்.